ஆறிய வெல்லம்

தாராபுரத்தில், அமராவதிப் பக்கத்துக் காற்று சன்னலில் நுழையும் ஒரு பின்மாலையில், ஜாவா நிரல்மொழியில் ஒரே வரி எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ‘மேப்.ஆஃப்’ என்று தொடங்கி, அடைப்புக்குறிக்குள் ஊரும் அஞ்சல் எண்ணும் ஜோடி ஜோடியாக: தாராபுரம், 638656; காங்கேயம், 638701; பழனி, 624601. கடைசி அரைப்புள்ளியைத் தட்டியபோது விசைப்பலகையில் எழுந்த சின்ன ‘டக்’, அச்சில் ஊற்றிய வெல்லம் இறுகிவிட்டது என்று சொன்னதுபோல் இருந்தது. இனி அதில் ஒரு துளி சேர்க்க முடியாது, சுரண்டி எடுக்கவும் முடியாது. புதிதாக உடுமலையை நுழைக்கப் போனால் நிரல் பிழை எறிந்து நின்றுவிடும்.

இந்தக் கண்டிப்பில் ஒரு பக்குவம் உண்டு. பழைய ஹேஷ்மேப்பின் மேல் ‘அன்மாடிஃபையபிள்மேப்’ போர்த்துவது ஊறுகாய் ஜாடியின் வாயைத் துணியால் கட்டுவது மாதிரி; மூல மேப் யார் கையில் இருக்கிறதோ, அவர் உள்ளே கைவிட்டுக் கிளறலாம். ‘மேப்.ஆஃப்’பில் அப்படி ஒரு பின்வாசல் கிடையாது. வெறும் ‘நல்’லை வாங்காது, ஒரே ஊரை இருமுறை சொன்னால் அப்போதே மறுக்கும், 10 ஜோடியைத் தாண்டினால் ‘மேப்.ஆஃப்என்ட்ரீஸ்’ பக்கம் கைகாட்டும். வரிசை மட்டும் அதன் பொறுப்பில்லை. மடியில் அள்ளிய புளியங்கொட்டை எந்த முறையில் வெளியே விழும்? ஆனால் எத்தனை த்ரெட்டுகள் ஒரே நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் பூட்டு வேண்டாம், காவல் வேண்டாம். அந்திக்கு எழுதியது விடியும்போதும் எழுதியபடியே இருக்கும்.