இடருறும் மாந்தரும் சிறுமுதலீடும்: மூன்று தமிழ்ச் சுயாதீனத் திரைப்படங்களை முன்வைத்து

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் எடுக்கப்படும் தமிழ்ச் சுயாதீனத் திரைப்படங்களைப் பற்றி நம்மவரிடையே, சிறப்பாகத் தமிழாசிரியரிடையே, நீண்ட நாளாக ஒரு மனக்குறை உண்டு. குடிகாரன், சிறைமீண்டவன், குண்டர் கும்பலைச் சேர்ந்தவன் ஆகியோரை விட்டால் திரையில் காட்டுதற்கு நம் சமுதாயத்தில் வேறு ஆளே இல்லையா என்பதே அக்குறை. இதனைப் பழமை பேசுவோரின் முணுமுணுப்பு என ஒதுக்கிவிடும் திறனாய்வாளர்களும் உளர். நாம் அவ்வாறு ஒதுக்க விரும்பவில்லை. சிறுபான்மைச் சமூகம் ஒன்று பொதுத்திரையில் தோன்றும் வாய்ப்பே அரிதாக இருக்கும்போது, தோன்றும் ஒவ்வொரு முறையும் தள்ளாடிக்கொண்டே தோன்றினால் அதைக் காணும் மாணவன் என்ன எண்ணுவான் என்று வினவ ஆசிரியருக்கு உரிமை உண்டு. எனினும் அவ்வினா சற்று இடம் மாறி நிற்கிறது என்று கருதுகிறோம். எத்தகைய மாந்தரைப் படம் எடுத்துக்கொள்கிறது என்று கேட்பதோடு நின்றுவிடாமல், எடுத்துக்கொண்ட மாந்தருக்கு அது என்ன கொடுக்கிறது என்றும் கேட்டல் வேண்டும்.

பின்னணியைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். மின்னியல் ஒளிப்பதிவுக் கருவிகளின் வருகையால் படச்சுருளுக்கும் அதைக் கழுவும் கூடத்துக்கும் ஆகும் பெருஞ்செலவு குறைந்தது. மலேசியாவில் 2000ஆம் ஆண்டில் அமீர் முகம்மது எடுத்த ‘லிப்ஸ் டு லிப்ஸ்’ இப்புதிய போக்கின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. தமிழில் தீபக் குமாரன் மேனனின் ‘செம்மண் சாலை’ 2005இல் வெளிவந்தது. இக்கட்டுரை அதன் பின்னர் வந்தவற்றுள் மூன்றினை மட்டும் எடுத்துக்கொள்கிறது: எரிக் கூவின் ‘மை மேஜிக்’ (2008), சஞ்சை குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015), கே. ராஜகோபாலின் ‘எ யெல்லோ பர்ட்’ (2016).

இடருறும் மாந்தரைப் பற்றிப் பேசுவதற்குத் தமிழ் மரபில் கருவியில்லாமல் இல்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகை பிறக்கும் நிலைக்களன்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கினைச் சுட்டுவார். இவற்றுள் அசைவு என்பதற்கு முன்னிருந்த நல்ல நிலை கெட்டுத் தாழ்ந்து வருந்துதல் என உரையாளர் கொள்ளும் பொருள் நம் நோக்கத்துக்குப் பெரிதும் பயன்படும். வறுமையும் அசைவும் வேறு வேறு என்று பிரித்தறிந்த நுட்பத்தை நாம் திரைத்திறனாய்வில் அதிகம் பயன்படுத்திக்கொள்ளவில்லை. வறியவனாகவே பிறந்து வறியவனாகவே வாழும் ஒருவனைக் காட்டுவதற்கும், ஒன்றாக இருந்து வேறொன்றாகிவிட்ட ஒருவனைக் காட்டுவதற்கும் கதையமைப்பில் பெரும் வேறுபாடு உண்டு. பின்னவனுக்கு ஒரு முற்காலம் இருந்தாக வேண்டும். அம்முற்காலத்தைக் காட்டுவதற்குச் செலவாகும் என்பதே சிறுமுதலீட்டுப் படத்தின் முதற்சிக்கல்.

‘மை மேஜிக்’ இச்சிக்கலை எதிர்கொண்ட முறை தனித்தன்மை வாய்ந்தது. கேன்ஸ் விழாவின் முதன்மைப் போட்டிப் பிரிவில் இடம்பெற்ற முதல் சிங்கப்பூர்ப் படமான இது தமிழ் பேசும் படம் என்பதை நம்மில் பலர் பெருமையுடன் நினைவுகூர்வர். மனைவியை இழந்து, மதுவுக்கு அடிமையாகி, கேளிக்கை விடுதியொன்றில் துப்புரவு வேலை செய்யும் பிரான்சிஸ் என்பவனே நாயகன். அவன் முன்னாளில் மாயவித்தைக்காரன். பத்து வயது மகனை வளர்க்க வேண்டிய கட்டாயம் அவனை மீண்டும் வித்தைக்கு இழுத்துவருகிறது. பிரான்சிஸாக நடித்த பாஸ்கோ பிரான்சிஸ் உண்மையிலேயே அவ்வித்தைகளில் வல்லவர். கண்ணாடியை மெல்லுதலும் தீயை விழுங்குதலும் உடலில் ஊசி ஏற்றுதலும் திரைத்தந்திரங்களாகத் தோன்றாமைக்கு அதுவே காரணம். பொருட்செலவால் ஈட்ட முடியாத நம்பகத்தன்மையை ஒரு மனிதனின் உடல் ஈட்டித் தந்துவிடுகிறது. முற்காலத்தைத் தனியே காட்ட வேண்டிய தேவையும் இதனால் நீங்குகிறது. அவன் கை ஒரு குவளையைப் பற்றும் விதத்திலேயே பழைய பயிற்சி தெரிகிறது. அசைவு என்னும் நிலைக்களன் இத்துணைச் சிக்கனமாகத் திரையில் அமைந்ததற்கு இப்படம் நல்ல சான்று.

ஆனால் இவ்விடத்திலேயே நம் ஐயமும் தொடங்குகிறது. கதையில் பணம் படைத்தவர்கள் பிரான்சிஸின் வலிதாங்கும் ஆற்றலைக் கேளிக்கையாகக் காண விரும்பி அவனை வதைக்கின்றனர். நாம் அவர்களை வெறுக்க வேண்டும் என்று படம் எதிர்பார்க்கிறது, வெறுக்கவும் செய்கிறோம். அதேவேளையில், அவர்கள் காண விரும்பும் அதே காட்சியைப் படம் நமக்கும் அண்மையில் நின்று, விட்டுவிடாமல் காட்டுகிறது. வதைப்போரின் பார்வைக்கும் பார்வையாளரின் பார்வைக்கும் இடையே கருவி எந்த இடைவெளியையும் உண்டாக்கவில்லை. இயக்குநர் இதை உணர்ந்தே செய்தார் என்று வாதிடுவோர் உண்டு. அவ்வாறாயின் அவ்வுணர்வைக் காட்டும் ஓர் உரையாடலேனும், ஒரு காட்சித் துண்டேனும் படத்தில் இருத்தல் வேண்டும். நமக்கு அத்தகைய ஒன்று புலப்படவில்லை.

மொழியைப் பொறுத்தவரையிலும் இக்குறை உண்டு. இயக்குநர் தமிழ் அறியாதவர். அஃது ஒரு குற்றமன்று. தம் மொழியல்லாத மொழியில் நல்ல படம் எடுத்தோர் பலர். ஆயினும் தந்தையும் மகனும் பேசிக்கொள்ளும் தமிழில் அவர்களுக்கேயுரிய சொல்லோ, வீட்டுக்குள் மட்டும் வழங்கும் கேலியோ, பாதியில் நிற்கும் வாக்கியமோ அரிதாகவே காணப்படுகின்றன. கருத்தைத் தெரிவித்தவுடன் உரையாடல் முடிந்துவிடுகிறது. பிரான்சிஸின் உடல் அத்தனை பேசுவதால் அவன் வாய் பேசாமையை நாம் முதற்பார்வையில் கவனிப்பதில்லை.

‘எ யெல்லோ பர்ட்’ படத்திலோ இவ்வாய்பேசாமை படத்தின் கொள்கையாகவே ஆகிவிடுகிறது. ராஜகோபால் 1990களில் தம் குறும்படங்களுக்காகச் சிங்கப்பூர் அனைத்துலகத் திரைப்பட விழாவில் மும்முறை சிறப்பு நடுவர் பரிசு பெற்றவர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து அமைந்த அவரது முதல் முழுநீளப் படம் இது. 2016இல் கேன்ஸ் விழாவின் திறனாய்வாளர் வாரத்தில் திரையிடப்பட்டது. கடத்தல் குற்றத்துக்காக எட்டாண்டு சிறையிலிருந்து மீளும் சிவா, பிரிந்துபோன மனைவியையும் மகளையும் தேடுகிறான். தாய் அவனை மன்னிக்க மறுக்கிறாள். ஈமச்சடங்குகளில் கொட்டு முழக்கும் குழுவில் அவனுக்குச் சிறிது வேலை கிடைக்கிறது. பின்னர், உரிய அனுமதியின்றிப் பாலியல் தொழில் செய்யும் சீனப் பெண் ஒருத்திக்குத் துணையாக நிற்கிறான். இருவருக்கும் முழுமையாகப் பொதுவான மொழி இல்லை. இந்தக் கூட்டுவாழ்வைக் காட்டும் பகுதிகளில் மௌனம் பொருளுடையதாகிறது. சொல் இல்லாமையே அங்குச் செய்தி.

தாயுடன் உள்ள காட்சிகளுக்கு இவ்விளக்கம் பொருந்தாது. அங்கு மொழி உண்டு. பேசுதற்கு எட்டாண்டுச் செய்தியும் உண்டு. தாயாக நடித்த சீமா பிஸ்வாஸின் முகம் எவ்வளவோ தாங்குகிறது என்பது உண்மை. ஆயினும் தமிழ்த்தாய் ஒருத்தி மகனிடம் கோபத்தில் பேசாதிருப்பாள் என்றால், அந்தப் பேசாமைக்கு முன்னர் அவள் பேசித்தீர்த்த பேச்சு ஒன்று இருக்கும். அதன் எதிரொலியையாவது கேட்க விரும்புகிறோம். விழாக்களுக்குச் செல்லும் படங்களில் மௌனம் ஆழத்தின் அடையாளமாகக் கொள்ளப்படும் வழக்கம் இவ்வட்டாரத்தில் வேரூன்றிவிட்டது. மௌனம் செலவற்றது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டியுள்ளது. நல்ல உரையாடலை எழுதக் காலம் வேண்டும். அதை நடிகர் தம் நாவில் பழக்கிக்கொள்ள ஒத்திகை வேண்டும். ஒலிப்பதிவும் தெளிவாக அமைதல் வேண்டும். நின்று வெறித்து நோக்கும் முகத்துக்கு இவை தேவையில்லை.

சிறுமுதலீடு இதற்குத் தக்க காரணமாகாது என்பதற்கு அமெரிக்காவின் ஜான் கசாவெட்டிஸ் எடுத்துக்காட்டாவார். வீட்டை அடமானம் வைத்தும் நண்பரின் பணத்தைக் கொண்டும் அவர் எடுத்த ‘எ வுமன் அண்டர் தி இன்ஃபுளூயன்ஸ்’ (1974) மனநிலை குலைந்த இல்லத்தரசி ஒருத்தியின் கதை. மேபல் என்னும் அப்பெண் ஓயாமல் பேசுகிறாள். தவறான நேரத்தில் தவறான ஆளிடம் பேசுகிறாள். விருந்தினரைப் பாடச்சொல்லி வற்புறுத்துகிறாள். பேசப்பேசத்தான் அவள் உள்ளம் நமக்குப் பிடிபடாமல் நழுவுகிறது. அவளை நோயாளி என்று பெயரிட்டு ஒதுக்கவும் முடியவில்லை. நலமுடையவள் என்று சொல்லவும் முடியவில்லை. செலவைக் குறைத்த அவ்வியக்குநர் சொல்லைக் குறைக்கவில்லை.

இவ்வளவையில் வைத்து நோக்கும்போது ‘ஜகாட்’ நமக்கு மேலான படைப்பாகத் தோன்றுகிறது. தலைப்பே ஒரு மொழியியற்பாடம். தீய என்னும் பொருளுடைய ‘ஜஹாட்’ என்ற மலாய்ச்சொல் நம் மக்கள் நாவில் ‘ஜகாட்’ எனத் திரிந்து, குறும்புக்காரச் சிறுவனை வைவதற்குரிய வீட்டுச்சொல்லாகிவிட்டது. ஒரு சொல் வசவாகத் தொடங்கிப் பெயராக ஒட்டிக்கொள்வதும், பெயருக்கேற்ப ஆள் மாறுவதும் கதையின் போக்கு. தொல்காப்பியர் கூறும் இளிவு, அதாவது பிறரால் எள்ளப்படுதல், இங்கே நிலைக்களனாகிறது. காலம் 1990களின் தொடக்கம். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் புறம்போக்கு நிலங்களில் வீடமைத்துக்கொண்ட காலம் அது. பன்னிரண்டு வயது அப்போயின் தந்தை மணியம் மகன் படித்து முன்னேற வேண்டும் என்று கண்டிப்புடன் உழைக்கிறார். சிற்றப்பன்மாருள் மெக்சிகோ என்பவன் குண்டர் கும்பலைச் சேர்ந்தவன். பாலா போதைப்பொருளில் சிக்கியிருந்தவன். மூவருமே ஒரே தோட்டம் உருவாக்கியவர்கள் என்பதால் எவரையும் தனிமனிதக் கேட்டின் உருவமாகப் படம் காட்டவில்லை. முன்னைய இரு படங்களிலும் இல்லாத வரலாறு இங்கு உண்டு. அதைக் காட்டப் பெருஞ்செலவு தேவைப்படவில்லை. பலகை வீடுகளும் அவர்கள் பேசும் பேச்சுமே போதுமாயின.

அப்பேச்சைக் கேட்டு முகஞ்சுளித்த தமிழாசிரியர்கள் உண்டு. வசைச்சொல்லும் மலாய்க் கலப்பும் மிகுதி என்பர். செந்தமிழ் கற்பிப்போருக்கு அவ்வுறுத்தல் இயல்பே. ஆனால் மெக்சிகோ ஒருவகையாகவும், மணியம் மற்றொருவகையாகவும், சிறுவன் இருவரையும் போன்று பேசிப்பார்த்துத் தனக்கான குரலைத் தேடுவதாகவும் அமைந்த வேறுபாடு, உரையாடலை உழைத்து எழுதியவருக்கே கைவரும். இப்படத்தில் ஆசிரியர் கவனிக்க வேண்டியது வேறொன்று. அப்போய் கற்பனை வளம் மிக்கவன்; அக்கற்பனைக்குப் பள்ளியில் இடமில்லை, தண்டனையே உண்டு. நம் சமுதாயத்தைக் குண்டர்களாகக் காட்டிவிட்டார்கள் என்று வருந்துவோர், அப்போயின் வகுப்பறையையும் அதே படம் காட்டியிருப்பதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

2016இல் 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் இப்படம் தேசிய மொழியல்லாத படங்களுக்கான தனிப்பிரிவில் முதலில் வைக்கப்பட்டதும், கலைஞர்களின் எதிர்ப்புக்குப் பின் பிரிவுகள் மாற்றியமைக்கப்பட்டதும், முடிவில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்னும் விருதை அது பெற்றதும் அறிந்த செய்திகளே. விழாவை ஒட்டி எழுந்த விவாதம் முழுவதும் படத்தின் மொழி எது என்பதைப் பற்றியே நிகழ்ந்தது. அம்மொழியைப் படம் எவ்வாறு கையாண்டது என்பதை எழுதவேண்டியவர்கள் நாமே.

ஒன்று எஞ்சுகிறது. மூன்று படங்களிலும் இடருறும் மையமாந்தர் ஆண்களே. ‘செம்மண் சாலை’யில் 1960களின் தோட்டப்புறத்துப் பெண்ணொருத்தி பல்கலைக்கழகம் செல்ல ஆசைப்பட்டாள். அவள் குடிக்கவில்லை, எவரையும் அடிக்கவில்லை. அவளது இடரைத் திரையில் காட்டுவதற்கு ஆன செலவு இம்மூன்றைவிடக் கூடுதலாக இருந்திருக்கும் என்று தோன்றவில்லை.