மொலினாவின் 'இடை அறிவு': ஒரு மதிப்பீடு

இறைவன் அனைத்தையும் அறிந்தவன், அனைத்தையும் ஆள்பவன் எனில், மனிதன் தன் செயலுக்கு எங்ஙனம் பொறுப்பாளியாவான்? கழா கத்ர் பற்றிய விவாதங்களில் நமக்குப் பழகிப்போன இவ்வினா, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் கத்தோலிக்க உலகை இரு அணிகளாகப் பிரித்தது. மனித சித்தம் அடிமைப்பட்டது என்று லூதர் 1525இல் எழுதியிருந்தார். அதை மறுத்த திரெந்துப் பொதுச்சங்கம், மனிதச் சுதந்திரம் அழிந்துவிடவில்லை, அது இறையருளுடன் ஒத்துழைக்கிறது என 1547இல் அறிவித்தது. எவ்வாறு ஒத்துழைக்கிறது என்பதை மட்டும் அது விளக்கவில்லை.

அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்த நூலே, ஸ்பானிய இயேசு சபைத் துறவி லூயிஸ் தெ மொலினா (1535–1600) இலத்தீனில் எழுதி, 1588இல் லிஸ்பனில் வெளியிட்ட 'கொன்கோர்தியா'. 'இசைவு' என்பது அச்சொல்லின் பொருள். நூலின் உயிர்நிலையான நான்காம் பகுதி, சரியாக நானூறு ஆண்டுகள் கழித்து ஆல்ஃபிரட் ஃபிரெடோசோவின் ஆங்கில மொழிபெயர்ப்பில் வெளிவந்தது.

இறையறிவை மொலினா மூன்றாகப் பகுக்கிறார். இயலக்கூடிய அனைத்தையும் அறிவது ஒன்று. தான் படைக்க முடிவு செய்ததால் இனி நிகழப்போவதை அறிவது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் நடுவே, எந்தச் சூழலில் வைத்தால் எந்த மனிதன் தானாக எதைத் தேர்வான் என்பதைப் படைப்புக்கு முன்பே அறிவது 'இடை அறிவு'. இதற்கு வேதச் சான்றும் காட்டுகிறார். கேகிலா நகரில் தங்கினால் அவ்வூரார் தம்மைச் சவுலிடம் ஒப்படைப்பார்களா என்று தாவூது (அலை) வினவ, ஒப்படைப்பார்கள் என்று இறைவன் கூறுகிறான். அவர் வெளியேறிவிடுகிறார். நிகழாத ஒன்று, நிகழ்ந்திருந்தால் எப்படியிருக்கும் என இறைவன் அறிந்திருந்தான். நரகைக் கண்டோர் உலகிற்குத் திருப்பியனுப்பப்பட்டாலும் பழைய வழிக்கே மீள்வர் என்னும் திருமறைக் கருத்தை (6:28) அறிந்த நமக்கு இது புதிதன்று.

இதுவரை மொலினாவுடன் உடன்படலாம். அடுத்த படியில்தான் இடறல். 'இன்ன சூழலில் இவன் இப்படிச் செய்வான்' என்னும் உண்மையை உண்மையாக்குவது எது? இறைவனின் நாட்டம் என்றால் சுதந்திரம் போயிற்று. அம்மனிதனோ இன்னும் படைக்கப்படவேயில்லை. அப்படியாயின், இறைவன் படைக்காத ஒன்று இறைவனின் திட்டத்தையே வரையறுக்கிறது. சலமன்காவின் தொமினிக்கன் அறிஞர் தொமிங்கோ பான்யெஸ் வெகுண்டெழுந்தது இதனால்தான். ஆனால், மனித சித்தத்தை இறைவனே முதலில் அசைக்கிறான், அசைத்தும் அது சுதந்திரமாகவே செயற்படுகிறது என்னும் அவரது தீர்வு, பாவியின் சித்தத்தை அசைத்தது யார் என்ற கேள்வியில் சிக்கித் திணறுகிறது.

எனினும் மொலினாவின் உண்மையான இக்கட்டு வேறிடத்தில் உள்ளது. அவர் காட்டும் இன்னொரு சான்று மத்தேயு நற்செய்தியில் வருவது. கோராசினிலும் பெத்சாயிதாவிலும் செய்யப்பட்ட அற்புதங்கள் தீரு, சீதோன் நகரங்களில் செய்யப்பட்டிருந்தால் அவை அன்றே மனந்திரும்பியிருக்கும் என்கிறார் இயேசு. மனந்திரும்பியிருப்பார்கள் என்று அறிந்திருந்தும் ஏன் அங்கே அற்புதம் நிகழவில்லை? தேர்வு மனிதனுடையது என்றாலும், தேர்வதற்கான சூழலைத் தருபவன் இறைவன் அல்லவா?

இவ்விடத்தில், இமாம் அபுல் ஹஸன் அல்அஷ்அரீ தம் முஃதஸிலா ஆசிரியர் ஜுப்பாயீயிடம் கேட்டதாகச் சொல்லப்படும் மூன்று சகோதரர்களின் கதை நினைவுக்கு வராமற் போகாது. சிறுவயதில் இறந்தவன், 'என்னை வாழவிட்டிருந்தால் நானும் உயர்ந்த பதவி பெற்றிருப்பேனே' என்கிறான். 'வளர்ந்தால் நீ பாவியாவாய் என அறிந்தே எடுத்துக்கொண்டேன்' என்பது விடை. அப்போது, நிராகரித்து மாண்ட சகோதரன் எழுந்து, 'என்னையும் ஏன் சிறுவயதிலேயே எடுத்துக்கொள்ளவில்லை?' என்கிறான். ஜுப்பாயீ வாயடைத்துப் போனார் என்பர். மொலினாவிடமும் இதற்கு விடையில்லை. அவன் அப்படி நாடினான் என்பதற்கு மேல் அவர் செல்வதில்லை. பான்யெஸும் அதைத்தானே சொன்னார்!

ஒன்பது ஆண்டுகளுக்கும் மேல் உரோமில் நடந்த விசாரணையின் முடிவில், 1607இல் போப் ஐந்தாம் பவுல் இரு தரப்பையும் கண்டிக்கவில்லை. ஒருவரையொருவர் பழிக்கக் கூடாது, தீர்ப்பு உரிய காலத்தில் வரும் என்றார். அது இன்றுவரை வரவில்லை.

கலாம் மரபின் பிரபஞ்சத் தோற்ற வாதத்தை மேலை உலகில் மீண்டும் பரப்பிய அமெரிக்கச் சிந்தனையாளர் வில்லியம் லேன் கிரெய்க், மொலினாவின் தீவிர ஆதரவாளர். மீட்படையாதோர், எச்சூழலில் வைக்கப்பட்டிருந்தாலும் மீட்படையாதோராகவே இருந்திருக்கக்கூடும் என்று 1989இல் அவர் வாதிட்டார். அதற்குத் தடையாக நின்ற தீரு, சீதோன் வசனத்தை உயர்வு நவிற்சி என ஒதுக்கினார். மொலினா சாட்சிக் கூண்டில் ஏற்றிய வசனம் அது.