விடுபட்ட சொல்

தாய் தந்தையரை மதித்து நடக்கச் சொல்லும் கட்டளை நமக்கு நான்காவது. ஆங்கிலிக்க மரபினர்க்கு ஐந்தாவது. எண்ணிக்கையில்தான் வேறுபாடு, பொருளில் இல்லை. ஆயினும் பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், இக்கட்டளையின் ஒரு பாதியை மட்டும் பற்றிக்கொண்டு ஓர் அரசியல் கோட்பாட்டையே எழுப்பினார் சர் ராபர்ட் ஃபில்மர். ஆதாமுக்கு இறைவன் தந்தைக்குரிய அதிகாரத்தை அளித்தார். அதுவே வழிவழியாக மன்னர்களை வந்தடைந்தது. ஆகவே குடிகள் மன்னனுக்குப் பிள்ளைகளே என்பது அவர் வாதம். அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1680இல், 'பேட்ரியார்க்கா' என்ற அந்நூல் அச்சேறியது.

அதற்கு மறுப்பாக எழுந்ததே ஜான் லாக்கின் 'அரசு பற்றிய இரு ஆய்வுரைகள்'. 1689ஆம் ஆண்டின் இறுதியில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. கல்லூரிகளில் கற்பிக்கப்படுவது பெரும்பாலும் இரண்டாம் ஆய்வுரையே. முதலாவதைப் படிப்பார் அரியர். படிக்க அலுப்பூட்டுவது என்பதும் உண்மையே. ஆனால் அதில் நம்மை நிறுத்தி வைத்த இடம் ஒன்று உண்டு. ஃபில்மர் கட்டளையைச் சுட்டும்போது 'தந்தை' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். 'தாய்' என்னும் சொல் எங்கே போயிற்று என்று லாக் விடாமல் கேட்கிறார். தாய்க்கும் சமபங்கு உண்டெனில், பெற்றோர் அதிகாரம் ஒருவனிடம் குவியும் முடியாட்சிக்கு அடித்தளம் ஆகாது. அவ்வாறே, தொடக்க நூலின் மூன்றாம் அதிகாரத்தில் ஏவாளுக்குக் கூறப்பட்டது பெண்ணுக்கு நேரவிருந்த நிலையின் முன்னறிவிப்பேயன்றி, ஆணுக்கு ஆட்சியுரிமை வழங்கிய பட்டயம் அன்று என்றும் அவர் வாதிடுகிறார். அந்நாளில் இவ்வாறு மறைநூலைப் படிப்பதற்குத் துணிவு வேண்டும்.

மேலை அரசியல் மெய்யியலின் செவ்வியல் நூல்களைப் பெண்ணிய நோக்கிலும் பன்முகப் பண்பாட்டு நோக்கிலும் மறுவாசிப்புச் செய்யும் திறனாய்வைப் பற்றி நம்மிடையே ஓர் ஐயம் நிலவுகிறது. முன்னோர் கட்டியதை இடிக்கும் வேலை இது என்பதே அந்த ஐயம். லாக்கின் நூலையே சான்றாகக் கொண்டால், இத்திறனாய்வாளர்கள் அவருக்குச் செய்வது அவர் ஃபில்மருக்குச் செய்ததையே என்பது நம் கருத்து: விடுபட்ட சொல்லைத் தேடுகிறார்கள்.

சூசன் மோலர் ஓக்கின் 1979இல் வெளியிட்ட 'மேலை அரசியல் சிந்தனையில் பெண்கள்' என்ற நூல் இவ்வழியைத் திறந்த நூல்களுள் ஒன்று. பிளேட்டோ, அரிஸ்டாட்டில், ரூசோ, மில் ஆகிய நால்வரும் பெண்களைப் பற்றி என்ன கூறினர் என்று தொகுப்பதோடு அவர் நிற்கவில்லை. இவர்கள் 'மனிதன்' என்று எழுதிய இடத்தில் பெண்ணையும் நிறுத்தினால் கோட்பாடு தாங்குமா என்று கேட்டார். பல இடங்களில் தாங்காது. குடும்பம் என்ற அறைக்குள் ஒருத்தி ஊதியமின்றி உழைத்தால்தான் வெளியே ஒருவன் குடிமகனாக உலவ முடியும் என்ற ஏற்பாட்டின்மீதே அவை நிற்கின்றன.

லாக்கின் நிலையும் இதுவே. முதல் ஆய்வுரையில் தாயின் பங்கை மீட்டுத் தந்தவர், இரண்டாம் ஆய்வுரையில், கணவனும் மனைவியும் ஒத்துப்போகாத பொதுக் காரியங்களில் இறுதி முடிவு ஆணுக்கே உரியது என்கிறார். அவனே திறனும் வலிமையும் மிக்கவனாம். மனைவிக்குத் தனியுடைமை உண்டு, சில சூழல்களில் பிரிந்துபோகும் உரிமையும் உண்டு என்று அவர் ஒப்புவதையும் மறைக்கலாகாது. ஆயினும் அரசனின் அதிகாரத்திற்குக் குடிகளின் இசைவு வேண்டும் என்றவர், கணவனின் அதிகாரத்திற்கு இயற்கையைச் சாட்சியாக அழைப்பது ஏன்? கரோல் பேட்மன் 1988இல் எழுதிய 'பாலியல் ஒப்பந்தம்' இவ்விடத்தில்தான் கைவைக்கிறது. தந்தையின் ஆட்சியை வீழ்த்திய சமூக ஒப்பந்தம், கணவனின் ஆட்சியை அரசியலுக்கு வெளியே பத்திரமாக ஒதுக்கி வைத்தது என்கிறார் அவர். இது புதிய கேள்வியும் அன்று. 1706இலேயே மேரி ஆஸ்டல், பிறப்பால் வந்த விடுதலை பெண்களை மட்டும் ஏன் கடந்து சென்றது என்று வினவினார். அவர் முடியாட்சிப் பற்றாளர். லாக்கின் அணியினர் காணத் தவறியதை எதிரணியில் இருந்த ஒரு பெண்மணி கண்டார்!

நிலம் பற்றிய அதிகாரத்தில் இன்னொரு விடுபடல். உழைப்பைக் கலந்தவனுக்கே உடைமை என்பது லாக்கின் புகழ்பெற்ற கோட்பாடு. ஆனால் தம் வேலையாள் வெட்டிய புற்கரணையும் தம் உடைமையே என்று அதே மூச்சில் எழுதுகிறார். அவ்வேலையாளின் உழைப்பு அவனுக்கு ஆகவில்லை. அமெரிக்கப் பழங்குடியினன் தான் வேட்டையாடிய மானுக்கு உரியவன். அம்மான் திரிந்த காட்டுக்கு உரியவன் அல்லன். இங்கிலாந்தின் ஓர் ஏக்கர் தரும் பயனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட அங்குள்ள ஏக்கர் தராது என்று கணக்கும் தருகிறார். ஜேம்ஸ் டல்லி இவ்வாதத்தை ஆராய்ந்து, அம்மக்களுக்குத் தங்களுக்கே உரிய நில முறையும் ஆட்சி முறையும் இருந்ததைக் காணாத கோட்பாடு இது என்று காட்டினார். வர்ஜீனியாவில் குடியேறிய ஆங்கிலேயர் தொடக்க ஆண்டுகளில் பசியாறியது அம்மக்கள் விளைவித்த சோளத்தால் என்பதை நினைவிற்கொண்டால், அந்த 'தரிசு' என்ற சொல் நெஞ்சில் உறுத்துகிறது.

அடிமைத்தனத்தை இழிந்தது எனக் கண்டித்து நூலைத் தொடங்கியவர் லாக். ஆயினும் 1669ஆம் ஆண்டுக் கரோலினா சாசனம் உருவானபோது அக்குடியேற்றத்தின் உரிமையாளர்களுக்குச் செயலராக இருந்தவரும் அவரே. சுதந்திரக் குடிமகனுக்குத் தன் கறுப்பின அடிமைமீது முழு அதிகாரம் உண்டென்றும், அடிமை எந்தச் சபையில் சேர்ந்தாலும் அவன் நிலை மாறாதென்றும் அச்சாசனம் கூறியது. அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கக் கம்பெனியிலும் அவர் பங்கு வைத்திருந்தார். சார்ல்ஸ் மில்ஸ் 1997இல் 'இன ஒப்பந்தம்' என்று தம் நூலுக்குப் பெயரிட்டதன் பொருள் இப்போது விளங்கும்.

பேட்மனும் மில்ஸும் 2007இல் சேர்ந்து எழுதிய நூலில் இருவரும் முரண்படுகின்றனர். ஒப்பந்தம் என்னும் சிந்தனையே கைவிடத்தக்கது என்பது பேட்மனின் கருத்து. விலக்கப்பட்டோரை உள்ளே கொணர்ந்து அதனைத் திருத்தி எழுதலாம் என்பது மில்ஸின் நிலை. நாம் மில்ஸின் பக்கம் சாய்கிறோம். லாக்கைக் கண்டிக்கும் அளவுகோல் லாக்கிடமிருந்தே கிடைக்கிறது என்பதைப் பேட்மன் போதிய அளவு எடைபோடவில்லை. ஆனால் விலக்கப்பட்டோருள்ளும் பூசல் உண்டு. பண்பாட்டுக் குழுக்களுக்குத் தரும் உரிமை அக்குழுக்களின் பெண்களுக்குத் தீங்காகலாம் என்று 1997இல் ஓக்கின் எழுதியபோது, தம் மார்க்கத்துப் பெண்களின் குரலைக் கேளாமலே அவர்களுக்காகப் பேசுகிறார் என்று அஸீஸா அல்-ஹிப்ரி மறுத்தார். ஓக்கினின் அச்சம் நியாயமானது. அல்-ஹிப்ரியின் மறுப்பும் நியாயமானதே.

இவற்றை அயலார் வழக்காகக் கருதி நாம் ஒதுங்கி நிற்க இயலாது. 1689இல் வெளிவந்த லாக்கின் 'சகிப்புத்தன்மை பற்றிய மடல்', பிற மன்னனுக்குக் கட்டுப்பட்டோரைச் சகிக்க வேண்டியதில்லை என்கிறது. பெயர் சொல்லாவிடினும் அவ்வரிகள் கத்தோலிக்கரைக் குறிப்பதாகவே பெரும்பாலும் கொள்ளப்பட்டன. ஆனால் 2019இல் வெளிச்சத்திற்கு வந்த அவரது கையெழுத்துப் படி ஒன்று வேறு செய்தி தருகிறது. மடலுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முந்தைய குறிப்பு அது. அதில் இரு பட்டியல்கள் உள்ளன. கத்தோலிக்கரையும் ஏனையோர் போலவே சகிப்பதற்கான காரணங்கள் ஒன்றில். சகிக்கலாகாது என்பதற்கான காரணங்கள் மற்றொன்றில். அச்சேறியது இரண்டாம் பட்டியலின் வழக்கு.