வாத்தியாரின் வீட்டுப்பாடம்: நபகோவின் வகுப்புக் குறிப்புகளை முன்வைத்து

மே மாத விடுமுறையில் ஒரு பொறியியல் கல்லூரியில் பத்து நாள் வகுப்பெடுக்கக் கூப்பிட்டார்கள். தினம் இரண்டு மணி நேரம், முதலாண்டு முடித்த பிள்ளைகளுக்குப் பைத்தான். பத்து வருடமாக அதில்தான் சோறு தின்கிறேன், இதிலென்ன பெரிய விஷயம் என்று சரி சொல்லிவிட்டேன். ஒரே வாரத்தில் 140 ஸ்லைடு சேர்ந்துவிட்டது. முடித்துவிட்டு லேப்டாப்பை மூடும்போதுதான் உறைத்தது. யாரும் குறுக்கே ஒரு கேள்வி கேட்கக்கூட நேரமில்லாதபடி அடுக்கி வைத்திருந்தேன். நான் தயாரித்தது பாடத்தையா, இல்லை எனக்கு ஒரு கவசத்தையா?

அந்த ராத்திரி அலமாரியிலிருந்து எடுத்ததுதான் விளாதிமிர் நபகோவின் இலக்கிய உரைகள். நாவலாசிரியராக அவரைத் தெரிந்த அளவுக்கு வாத்தியாராக அவரை நமக்குத் தெரியாது. 1940இல் ஹிட்லரின் படைகளுக்குத் தப்பி, மனைவி வேராவோடும் மகன் திமித்ரியோடும் நியூயார்க் வந்து இறங்கியவர். கையில் காசில்லை. ரஷ்ய மொழியில் அவர் கட்டியெழுப்பிய பெயருக்கு அமெரிக்காவில் மதிப்பில்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் கோடை வகுப்புக்கு முதலில் அழைக்கப்பட்டவர் இன்னொரு ரஷ்ய எழுத்தாளரான மார்க் அல்தனோவ். அவர் போக முடியாமல் அந்த வாய்ப்பை நபகோவுக்குக் கைமாற்றினார். 1941 கோடையில் ரஷ்ய இலக்கியமும் நாடகக் கலையும் சொல்லித்தர வேண்டும். அந்த ஒரு கோடையை நம்பி, அதற்குப் பிறகு வரக்கூடிய வேலைகளையும் நம்பி, அவர் உட்கார்ந்து எழுதித் தள்ளியது நூறு உரைகள், சுமார் 2000 பக்கம். பிறகு ஐரோப்பிய நாவல்களைப் பற்றி இன்னொரு நூறு. வெல்லஸ்லியிலும் கார்னெலிலும் ஏறக்குறைய இருபது வருடம் இந்த மூலதனத்தில்தான் ஓட்டினார்.

இங்கேதான் எனக்கு முதல் இடறல். எழுதி வைத்ததைப் பார்த்து அப்படியே வாசிக்கும் வாத்தியார்களை நாம் பார்க்காதவர்களா? எனக்கு ஒருவர் இருந்தார். ஓரம் மடங்கி மஞ்சளடித்துப்போன ஒரு நோட்டு. எங்களுக்கு முந்தைய செட்டுக்குச் சொன்ன அதே ஜோக், அதே இடத்தில். நாங்கள் எழுதிக்கொள்ளும் வேகத்துக்கு வாசிப்பார், மணி அடித்தால் பாதி வாக்கியத்தில் நிறுத்துவார். மறுநாள் மீதி வாக்கியம். நபகோவ் செய்ததும் வெளிப்பார்வைக்கு இதேதான். தனக்குப் பேச்சு வராது என்று ஒப்புக்கொண்டவர் அவர். வாக்கியம் வாக்கியமாக எழுதி வைத்து வாசித்தார். தான் நேரில் வருவதற்குப் பதிலாக உரைகளை ஒலிநாடாவில் பதிந்து கல்லூரி வானொலியில் ஓடவிடலாமா என்றுகூட முயன்று பார்த்தார்! அப்படியிருக்க, அவர் மறைந்த பின் 1980இலும் 1981இலும் அச்சான இந்தக் குறிப்புகள் இன்றைக்கும் ஏன் உயிரோடு இருக்கின்றன?

பதில் அந்தப் புத்தகங்களில் அச்சாகியிருக்கும் படங்களில் இருக்கிறது என்று நினைக்கிறேன். காஃப்காவின் 'உருமாற்றம்' கதையில் வரும் கிரிகோர் சாம்சாவை நாமெல்லாம் கரப்பான்பூச்சி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பட்டாம்பூச்சி ஆய்வாளரான நபகோவ் அதை ஏற்கவில்லை. கால்கள், வயிறு, முதுகின் வளைவு பற்றி கதையில் வரும் தகவல்களை ஒவ்வொன்றாகக் கூட்டி, அது முதுகு உப்பிய ஒரு வண்டு என்கிறார். கையால் வரைந்தும் காட்டுகிறார். அப்படியானால் அந்த ஓட்டுக்குக் கீழே சிறகு இருந்திருக்க வேண்டும், கிரிகோருக்கு அது கடைசிவரை தெரியவே இல்லை என்று அவர் சொல்லும்போது வாசிக்கிறவனுக்குத் தொண்டை அடைக்கிறது. பூச்சியியல் தகவலாகத் தொடங்கிய ஒன்று கதையின் மொத்த துக்கமாக மாறிவிடுகிறது. சாம்சா வீட்டின் அறைகள், 'யுலிசிஸ்' நாவலில் டப்ளின் தெருக்களில் இரண்டு பேர் நடந்த வழி, 'அன்னா கரீனினா'வில் அன்னா ராத்திரி பயணம் செய்த ரயில் பெட்டியின் உட்புறம் எல்லாவற்றுக்கும் படம் போட்டிருக்கிறார். அந்தப் பெட்டி எப்படி இருந்தது என்று தெரியாமல் அவளுடைய அந்த இரவைப் பார்க்க முடியாது என்பது அவர் கட்சி.

வரைய வேண்டுமென்றால் மழுப்ப முடியாது. கதவு இடதுபுறமா வலதுபுறமா என்று முடிவு செய்தே ஆக வேண்டும். என் வாத்தியாரின் நோட்டு வேறொரு புத்தகத்தின் சுருக்கம். நபகோவின் நோட்டு அவர் கண்ணால் பார்த்ததன் பதிவு. இரண்டையும் வாசித்தே காட்டினாலும் கேட்கிறவனுக்கு வித்தியாசம் தெரிந்துவிடும்.

இதைச் சொல்லிவிட்டு அவரைக் கும்பிட்டுவிட்டுப் போக முடியவில்லை. தஸ்தயேவ்ஸ்கி பற்றிய உரைகளை வாசித்துப் பாருங்கள். அவரை இரண்டாந்தர எழுத்தாளர் என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டு வகுப்புக்குள் நுழைகிறார். பாத்திரங்களை வலிப்பு, ஹிஸ்டீரியா என்று நோய்வாரியாகப் பட்டியல் போடுகிறார். டால்ஸ்டாய்க்கு ரயில் பெட்டியை அளந்து பார்த்த அதே மனிதர், இங்கே ரஸ்கோல்நிகோவின் அறையை ஒருமுறை சுற்றிப் பார்க்க வைத்திருந்தால் என்ன? பிடிக்காமல் போவது அவர் உரிமை. ஆனால் பிடிக்காத இடத்தில் அவர் வீட்டுப்பாடம் செய்யவில்லை, தீர்ப்பை மட்டும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். முதன்முதலாக அந்த எழுத்தாளரைக் கேள்விப்படுகிற மாணவனுக்கு இது ஒரு துரோகம் என்றே தோன்றுகிறது.

அவரால் முடியாததும் இல்லை. 1950இல் கார்னெல் பாடத்திட்டத்துக்கு ஜேன் ஆஸ்டினைச் சேர்க்கச் சொன்னவர் நண்பர் எட்மண்ட் வில்சன். பெண் எழுத்தாளர்கள் மீதே தனக்கு ஒரு முன்முடிவு இருப்பதாகச் சொல்லித் தட்டிக்கழிக்கப் பார்த்த நபகோவ், பிறகு 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' நாவலை எடுத்து வரைபடம் போட்டுப் பாடம் நடத்தினார். 1952இல் ஹார்வர்டில் 'டான் குவிக்ஸாட்'. அதன் கொடூரம் அவருக்கு ஆகவில்லை. ஆனாலும் அத்தியாயம் அத்தியாயமாக அந்தக் கிழவர் எத்தனை முறை ஜெயித்தார், எத்தனை முறை தோற்றார் என்று எண்ணினார். கணக்கு 20க்கு 20. அதை ஒரு டென்னிஸ் ஆட்டமாக எழுதினார்: 6-3, 3-6, 6-4, 5-7. ஐந்தாவது செட் இல்லை, சாவு குறுக்கே வந்துவிடுகிறது. எப்போதும் தோற்றுக்கொண்டே இருக்கும் கோமாளி என்று நாம் நம்பிய ஒருவர் சரிசமமாக ஆடியிருக்கிறார். உட்கார்ந்து எண்ணாமல் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆக, வகுப்புக்குத் தயாராவது என்றால் என்ன? தெரிந்ததை அடுக்கி வைப்பது அல்ல. தயாரிக்கிறவனின் அபிப்பிராயம் மாறுவதற்கு அதில் ஒரு வாய்ப்பாவது இருக்க வேண்டும். ஆஸ்டினுக்கும் செர்வாந்தஸுக்கும் அந்த வாய்ப்பைக் கொடுத்தார் நபகோவ், தஸ்தயேவ்ஸ்கிக்குக் கொடுக்கவில்லை.

தயாரிப்பின் பயத்தையும் அவர் அறிந்தவர்தான். 'ப்னின்' நாவலின் தொடக்கத்தில் பேராசிரியர் ப்னின் உரையாற்றப் போகிறார். தவறான ரயில். பார்த்துக் கிளம்பிய கால அட்டவணை ஐந்து வருடப் பழசு. உரைத்தாள் எந்தப் பையில் இருக்கிறது, பையை மாற்றினால் தொலைந்துவிடுமோ என்று வழியெல்லாம் தவிப்பு. சிரித்துக்கொண்டே வாசிக்கிறோம். கையில் தாள் இல்லாவிட்டால் அந்நிய மொழியில் ஒன்றுமில்லாமல் நிற்க வேண்டிவரும் என்ற அகதியின் நடுக்கம் பிறகுதான் உறைக்கிறது. 2000 பக்கம் எழுதியவருக்கும் ஒரு கவசம் தேவைப்பட்டிருக்கிறது.

நான் என் ஸ்லைடுகளுக்குத் திரும்பினேன். ஒன்றில், ஃபங்ஷனின் டீஃபால்ட் மதிப்பாக வெறும் லிஸ்ட்டைக் கொடுக்காதீர்கள் என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தேன். ஏன் என்று போடவில்லை. பத்து வருடமாக நானும் அதை ஒரு சாங்கியம் மாதிரிதான் கடைப்பிடித்து வந்திருக்கிறேன். காகிதத்தில் பெட்டி பெட்டியாக நினைவகத்தை வரைந்தேன். அந்த லிஸ்ட் ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் புதிதாகப் பிறப்பதில்லை, ஃபங்ஷனை வரையறுக்கும்போது ஒரே ஒரு முறைதான் பிறக்கிறது, அதற்குப் பிறகு எல்லோரும் அதே பெட்டியில்தான் கை விடுகிறார்கள் என்பது அரை மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரிந்தது. 35 வயதில் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் நிறைய சந்தோஷமாகவும் இருந்தது.

140 ஸ்லைடை 30 ஆக்கினேன். மிச்ச நேரத்துக்குச் சாக்பீஸ். மூன்றாம் நாள் கரும்பலகையில் அந்தப் பெட்டிகளை வரைந்துகொண்டிருந்தபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "சார், அப்போ லிஸ்ட்டுக்குப் பதிலா நம்பர் கொடுத்தா ஏன் இந்தப் பிரச்சினை வரல?" என்று கேட்டாள். அதற்கும் ஒரு படம் வரைய வேண்டியிருந்தது. அது என் குறிப்பில் இல்லை.