செய்தியும் சமூகமும்: தமிழ்ப் பத்திரிகைகளில் மலையகம்

பத்திரிகையைச் சமூகத்தின் கண்ணாடி என்பர். ஆயின், கண்ணாடி தன் முன் நிற்பவரையே காட்டும். எவரை முன்னிறுத்துவது என்பதை அதனை வைத்திருப்போரே தீர்மானிக்கின்றனர். ஆகவே, ஒரு சமூகத்துக்குப் பத்திரிகை உரிய இடம் அளித்துள்ளதா என்பதைப் பத்திகளின் எண்ணிக்கையால் மட்டும் அளத்தல் போதாது. அச்சமூகத்தார் செய்தியிற் பேசப்படுபவராக உள்ளனரா, பேசுபவராக உள்ளனரா என்பதே அடிப்படை வினா. மலையகத் தமிழர் குறித்த செய்திகள் இவ்வினாவுக்குத் தக்க உரைகல்லாகும்.

1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என இரு பிரிவுகளை வகுத்தது. பின்னவருட் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர். அவர்தம் குரலை அச்சேற்றும் முயற்சிகளுள் கோ. நடேசையர் 1924இல் தொடங்கிய தேசபக்தன் முதன்மையானது. தொழிற்சங்கமும் பத்திரிகையும் அங்கு ஒரே இயக்கத்தின் இரு கரங்களாயின. 1930இல் வீரகேசரியும் 1932இல் தினகரனும் தோன்றின. 1960களில் எஸ். எம். கார்மேகத்தின் பொறுப்பில் வீரகேசரியில் வெளிவந்த ‘தோட்ட மஞ்சரி’ மலையக எழுத்தாளர் பலருக்குக் களமமைத்தது. இப்பணி மறக்கற்பாலதன்று.

எனினும், தனிப்பக்கம் என்னும் ஏற்பாடு இருமுகம் கொண்டது. குரலற்றோருக்கு அது வாயிலாகின்றது. அதே வேளை வேலியாகவும் மாறக்கூடும். தோட்டத்தின் பாடசாலைக் குறைபாடு ‘தோட்டச் செய்தி’யாகவும், நகரத்துப் பாடசாலைக் குறைபாடு ‘நாட்டுச் செய்தி’யாகவும் வகைப்படுமாயின், குடியுரிமைச் சட்டங்கள் வகுத்த எல்லைக்கோட்டையே பத்திரிகையும் தன் பக்க அமைப்பில் வரைந்ததாகும்.

சம்பளச் செய்திகளை நோக்குக. 1,000 ரூபா நாட்சம்பளக் கோரிக்கை 2015இல் எழுந்து, 2021இல் சம்பள நிர்ணயச் சபையின் வழி நடைமுறைக்கு வந்தது. இத்தகைய செய்திகளில் அமைச்சரும் சங்கத் தலைவரும் தோட்டக் கம்பனியினரும் மேற்கோட்குறிகளுக்குள் இடம்பெறுவர். கொழுந்து பறிக்கும் பெண்ணோ பெரும்பாலும் நிழற்படமாகவே நிற்பாள். இதனால் இழக்கப்படுவது அனுதாபம் மட்டுமன்று, உண்மையும் ஆகும். தோட்டத்தில் ஒரு நாட்சம்பளம் ‘பேர்’ எனப்படும். குறித்த நிறைக்குக் கொழுந்து பறியாதார்க்கு ‘அரைப்பேர்’ மட்டுமே கிட்டும். 1,000 ரூபா அறிவிக்கப்பட்ட பின் அந்நிறையளவு உயர்த்தப்பட்டதாகப் பல தோட்டங்களிலிருந்து முறைப்பாடுகள் எழுந்தன. தொகை தலைப்பாகிறது, அத்தொகை கைக்கு வரும் வழி மறைந்துவிடுகிறது. அவ்வழியை நன்கறிந்தவள் அந்நிழற்படத்திலுள்ள பெண்ணே.

அனர்த்தச் செய்திகளிலும் இக்குறை புலனாகும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயன் வீடுகளை மூடியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அவ்விடத்தின் ஆபத்தைச் சுட்டியிருந்ததை, அனர்த்தத்தின் பின்னரே நாடு பரவலாக அறிந்தது. அவ்வெச்சரிக்கையே முதற் செய்தியாகியிருத்தல் வேண்டும். ஒரு சமூகத்தின் மரணம் முதற்பக்கத்திலும், அம்மரணத்தின் காரணங்கள் எப்பக்கத்திலும் இன்றியும் இருப்பது செய்தித் துறையின் சமநிலைக் குறைபாடேயாம்.

தோட்டங்கள் தொலைவிலுள்ளன, செய்தியாளர் சிலரே, சந்தை சிறிது என்னும் நியாயங்கள் முன்வைக்கப்படலாம். அவை முற்றிலும் பொய்யல்ல. ஆனால், எத்தொலைவுக்கு ஆளனுப்புவது என்பதும் எவருடைய வாழ்வு பெறுமதியுடையது என்ற மதிப்பீட்டின் வெளிப்பாடேயாகும். தமிழரின் இன்னல்களைச் சிங்கள, ஆங்கிலப் பத்திரிகைகள் போதியளவு பேசவில்லை என்பது தமிழ்ப் பத்திரிகைகளின் நெடுநாளைய முறைப்பாடு. அம்முறைப்பாடு வலுப்பெற வேண்டுமாயின், அதே அளவுகோல் அவற்றின் பக்கங்களுக்கும் பொருந்துதல் வேண்டும்.

செய்ய வேண்டியன அரியனவல்ல. மலையகத்தார் ஆசிரியபீடங்களில் முடிவெடுப்போராதல் வேண்டும். சம்பளச் செய்தி எதுவும் தொழிலாளி ஒருவரின் கூற்றின்றி வெளிவரலாகாது. அனர்த்தம் நிகழுமுன் அதற்கான அறிகுறிகள் செய்தியாதல் வேண்டும். இவை தொழிலாளர்க்குக் காட்டும் சலுகையன்று. செய்தி முழுமையுறுவதற்கான நிபந்தனையாகும்.