வருங்காலக் கற்பனையின் அச்சுத் தடயங்கள்: பேராக் தோட்டப்புறத்தை முன்வைத்துச் சேகரிப்பு நெறி குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் 1877இல் இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அங்கிருந்து விரிந்த தோட்டங்களின் வரலாறு, பெருமளவில் மலேசியத் தமிழரின் வரலாறாகவும் அமைந்தது. அவ்வரலாற்றை எழுதியோர் மக்கள் பட்ட துயரங்களையும் இழந்தவற்றையும் பதிவுசெய்துள்ளனர். அம்மக்கள் வரப்போகும் உலகைப் பற்றி எவற்றைப் படித்தனர், எவற்றைக் கண்டனர் என்னும் வினா குறைவாகவே எழுப்பப்பட்டுள்ளது. இதற்கு விடைதரவல்ல சான்றுகள் கட்டமைந்த நூல்களைவிடச் சிறு வெளியீடுகள், திரைப்படப் பாட்டுப் புத்தகங்கள், விளம்பரத் தாள்கள், வார இதழ்த் தொடர்கள் ஆகியவற்றிலேயே மிகுதி. இவற்றைச் சேகரிப்போர் எவற்றைக் காக்கின்றனர், எவற்றைக் கைவிடுகின்றனர் என்பதை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அறிவியல் புனைவும் அதற்கு முந்தைய சுவடும்

தமிழில் வருங்காலக் கற்பனை எனும்போது சுஜாதாவின் பெயரே முதலில் நினைவிற்கு வருகிறது. அவர் இத்துறைக்கு ஆற்றிய பங்கு மறுக்க இயலாதது. எனினும் அவரையே தொடக்கமாகக் கொள்ளும் போக்கை நாம் ஏற்பதற்கில்லை. பெரியாரின் ‘இனிவரும் உலகம்’ 1940களிலேயே சிறு நூலாக வெளிவந்தது. கம்பியில்லாக் கருவி வழியே ஒவ்வொருவரும் பேசிக்கொள்ளும் காலத்தையும், கடும் உழைப்பை இயந்திரங்கள் ஏற்கும் காலத்தையும் அது முன்னுரைத்தது. பெரியார் 1929 டிசம்பரில் ஈப்போவில் நடைபெற்ற தமிழர் மாநாட்டைத் தொடங்கிவைத்தார். 1954-55இல் மீண்டும் மலாயாவிற்கு வந்தார். ஆகவே அந்நூலைத் தமிழகத்துச் சீர்திருத்த இலக்கியம் என்று மட்டும் வகைப்படுத்துவது போதாது. விடியுமுன் பால்வெட்டச் சென்றோர் வாழ்ந்த நிலத்தில், உழைப்புச் சுமை குறையும் என்ற கூற்று தனிப்பொருள் பெறுகிறது. சேகரிப்போர் இந்நூலை அரசியல் வெளியீடுகளோடு அடுக்கிவிடுவதால் இத்தொடர்பு மறைந்துபோகிறது.

பாட்டுப் புத்தகம் என்னும் சான்று

ககாரின் விண்வெளி சென்ற இரண்டாம் ஆண்டில், 1963இல், ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் ‘கலை அரசி’ வெளிவந்தது. அறிவியலில் தேர்ந்தும் இசையில் பின்தங்கியும் உள்ள வேற்றுக்கிரகத்தார், பூமியிலிருந்து பாடகி ஒருத்தியைக் கவர்ந்து செல்கின்றனர். பானுமதி ஏற்ற அப்பாத்திரத்தை மீட்கச் செல்பவன் எம்.ஜி.ஆர். ஏற்ற மோகன். அவன் நிலக்கிழாரிடம் பணிபுரியும் உழவன். மண்ணில் உழைப்பவன் விண்ணேறித் திரும்புகிறான் என்பதே இப்படத்தின் கருத்தியல் மையம் எனலாம். அன்றைய மலாயாத் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வந்த சூழலோடு இதனை இணைத்து நோக்கவேண்டும். துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததும் அச்சூழலின் விளைவே. வேலை நிலைக்குமா என்று அஞ்சிய ஒரு சமூகத்தின் முன் இத்தகைய கற்பனை வைக்கப்பட்டது.

பாட்டுப் புத்தகம் மலிவு விலையில் விற்ற சில பக்கச் சிற்றேடு. நடிகர் பெயர்களும் பாடல்களும் முடிவைச் சொல்லாத கதைச்சுருக்கமும் அதில் இருக்கும். திரைப்பட நினைவுப்பொருள் சேகரிப்போர் பெரும்பாலும் அட்டையில் உள்ள நடிகரின் படத்திற்காகவே அதனைப் போற்றுகின்றனர். ஆய்வாளருக்கோ கதைச்சுருக்கமே முதன்மையானது. வேற்றுக்கிரகம், பறக்கும் தட்டு போன்ற புதுக் கருத்துகளை எளிய வாசகனுக்கு எத்தகைய தமிழில் விளக்கினர் என்பதை அதுவே காட்டும். மேலும் சந்தையில் மாசற்ற படிக்கே மதிப்பு உண்டு. உரிமையாளர் பெயரும் தோட்டத்தின் பெயரும் எழுதப்பட்ட படி விலை குறைகிறது. நம் நோக்கில் மதிப்பு இதற்கு நேர்மாறானது. அவ்வெழுத்தே அந்நூல் பேராக்கில் எங்கு, யாரிடம் இருந்தது என்பதற்குரிய சான்று.

தொடரும் தைத்த நூலும்

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அதன் கதை நிகழும் 2022ஆம் ஆண்டு இன்று கடந்த காலமாகிவிட்டது. வருங்காலத்தைச் சொன்ன படைப்பு, 1980களின் அச்சங்களைச் சொல்லும் ஆவணமாக மாறிவிட்டது. தொடர்களைக் கிழித்தெடுத்துத் தைத்து வைப்பது தமிழ் வாசகரின் நெடுநாள் வழக்கம். அவ்வழக்கம் பல கதைகளைக் காத்துள்ளது. ஆனால் இதழின் தேதியும் விளம்பரங்களும் வாசகர் கடிதங்களும் அத்தையலில் விடுபட்டுப்போகின்றன. இயந்திர நாயைப் பற்றிய அத்தியாயத்திற்கு எதிர்ப்பக்கத்தில் எப்பொருள் விளம்பரம் செய்யப்பட்டது என்பதும் இலக்கிய வரலாற்றின் ஒரு கூறே.

தனியார் ஆர்வமும் நிறுவனப் பொறுப்பும்

அமெரிக்காவின் பாரஸ்ட் ஜே. அக்கர்மன் அறிவியல் புனைவு நூல்களையும் திரைப்படப் பொருள்களையும் மிகப் பெரும் அளவில் திரட்டியவர். அவர் காலத்திலேயே ஒரு பகுதி விலைபோயிற்று. 2008இல் அவர் மறைந்தபின் எஞ்சியவை ஏலத்தில் சிதறின. ஜூடித் மெரில் 1970இல் தம் தொகுப்பை டொராண்டோ பொதுநூலகத்திற்கு அளித்தார். அது இன்றும் நிலைத்துள்ளது. தமிழில் கோட்டையூர் ரோஜா முத்தையாவின் தொகுப்பு இதற்கு ஒப்பானது. 1992இல் அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. அழிவிற்கும் நிலைபேற்றிற்கும் இடையிலான வேறுபாட்டை ஏற்கும் நிறுவனமே தீர்மானித்தது என்பது இதனால் விளங்கும்.

மலேசியத் தமிழ் நூல்களுக்கு இராம சுப்பையா 1969இல் அட்டவணை தொகுத்தார். நூலகப் பொருள் வைப்புச் சட்டம் 1986இல் இயற்றப்பட்டது. இவை போற்றத்தக்கன. எனினும் இவற்றின் எல்லை இங்கு வெளியிடப்பட்டவையே. தமிழகத்தில் அச்சாகித் தோட்டத்தில் படிக்கப்பட்டவை இவ்வெல்லைக்குள் வாரா. தமிழகத்து நூலகங்களில் அவற்றின் படிகள் இருப்பதால் இங்குத் தேவையில்லை எனச் சிலர் கருதக்கூடும். பாடம் ஒன்றாயினும் படி ஒன்றன்று. பேராக் வாசகரின் கையெழுத்துச் சென்னைப் படியில் இராது.

முடிவுரை

தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்பிற்கும் இடம்விட்டபின் லயத்து வீடுகளோடு பெட்டிகளும் கலைந்தன. எஞ்சியவை முதியோரின் இல்லங்களில்தான் இருக்கும். ஆதலின் பேராக் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், மாணவர் வழியாக இத்தகைய தாள்களைக் கண்டறிந்து, உரிமையாளர் பெயர், தோட்டம், கிடைத்த ஆண்டு ஆகிய மூன்றையும் குறித்துவைத்தல் வேண்டும். தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் போன்ற கல்வி நிறுவனங்கள் அவற்றை ஏற்றுக் காத்தல் தகும். அட்டையை வெட்டாமலும், எழுதிய பெயரை அழிக்காமலும், விளம்பரப் பக்கத்தை நீக்காமலும் காப்பதே அடிப்படை நெறி. ஒரு சமூகம் எதற்கு அஞ்சியது என்பதோடு எதை எதிர்நோக்கியது என்பதையும் அறிந்தாலன்றி அதன் வரலாறு முழுமையுறாது.