அனுமதி பெற்ற வாசகர்

ஓர் ஊரைப் பற்றி எழுதப்பட்ட நல்ல கட்டுரையை அந்த ஊர்க்காரன் படிக்க முடியாமல் போனால் யாருக்கு நஷ்டம் என்று கேட்டால், ஊர்க்காரனுக்கு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். என் அபிப்பிராயம் வேறு. கட்டுரைக்குத்தான் நஷ்டம் அதிகம். படிக்க வேண்டியவன் படிக்காத ஆராய்ச்சியைத் திருத்த ஆள் இல்லை. திருத்த ஆள் இல்லாத ஆராய்ச்சி நாளடைவில் சாஸ்திரமாகிவிடுகிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ராபர்ட் ஹார்ட்கிரேவ் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர், தென் திருவிதாங்கூரில் நடந்த தோள்சீலைக் கலகத்தைப் பற்றி 1968ல் ஒரு கட்டுரை எழுதினார். இந்தியப் பொருளாதார சமூக வரலாற்றுக்கென்று டில்லியிலிருந்து வரும் ஆங்கில ஏட்டில் அது வெளியாயிற்று. அடுத்த ஆண்டே நாடார்களைப் பற்றிய அவருடைய பெரிய புத்தகமும் வந்தது. அவருக்குப் பின் இந்த விஷயத்தை எழுதியவர்களில் அவரைத் தொடாமல் போனவர்கள் குறைவு. அந்த ஏட்டை இன்று ஸேஜ் என்ற பதிப்பகம் நடத்துகிறது. பழைய இதழ்களும் அதன் இணையப் பூட்டுக்குள்தான் இருக்கின்றன. கட்டுரை பேசுவது கல்குளம், இரணியல், நாகர்கோவில் பக்கத்துச் சந்தைகளிலும் தெருக்களிலும் நடந்ததை. இரணியலில் இருப்பவன் அதைப் படிக்க வேண்டுமானால் பணம் கட்ட வேண்டும். அந்தத் தொகைக்கு இங்கே ஐந்தாறு நாவல் வாங்கலாம்.

நான் அதைப் படித்தது அச்சுப் பிரதியில், சென்னையில் ஒரு நூலகத்தில், பைண்டு செய்த பழைய தொகுதி ஒன்றில். வாசலில் ஒரு நோட்டு இருந்தது. பெயரையும் ஊரையும் எழுதினேன்; உள்ளே விட்டார்கள்.

கட்டுரை நல்ல கட்டுரைதான். சம்பவங்களை வரிசைப்படுத்துவதில் ஆசிரியருக்கு நிதானம் இருக்கிறது. 1859 ஜூலை 26ஆம் தேதி திருவிதாங்கூர் மகாராஜா உத்திரம் திருநாள் பிறப்பித்த உத்தரவு எவ்வளவு கொடுத்தது, எவ்வளவு கொடுக்காமல் வைத்துக்கொண்டது என்பதை அவர் சரியாகவே பிடித்திருக்கிறார். மார்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்ஜாதிப் பெண்கள் உடுத்துகிற தினுசில் உடுத்தக்கூடாது. அத்தனை காலம் நடந்த சண்டையின் சாரம் அந்த 'ஆனால்' என்ற சொல்லுக்குள் இருக்கிறது.

குறையும் உண்டு. மிஷனரிகள் எழுதி வைத்ததையும் அரசாங்கத் தஸ்தாவேஜுகளையுமே அவர் பெரும்பாலும் நம்பியிருக்கிறார். பெண்களின் உடையைப் பற்றிய கட்டுரையில் பெண்களின் குரல் அரிது. குப்பாயத்துக்கும் தோள்சீலைக்கும் உள்ள வித்தியாசம் கட்டுரையில் ஒரு சட்டப் பிரச்னையாக வருகிறது. எங்கள் பக்கத்துக் கிழவி ஒருத்திக்கு அது துணி விஷயம், வெயில் விஷயம், சுமையைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்கு நடக்கிற விஷயம். குப்பாயத்தை யார் தைத்துக் கொடுத்தார்கள்? துணி எங்கிருந்து வந்தது? முதல் நாள் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினவளைச் சொந்த வீட்டு ஆண்கள் என்ன சொன்னார்கள்? கதை எழுதுகிறவன் கேட்கிற கேள்விகள் இவை. சரித்திரக்காரனும் கேட்டிருக்க வேண்டியவைதான். பதிலில் கொஞ்சம் இங்கே வீட்டுப் பேச்சில் இருந்தது. தலைமுறைக்குத் தலைமுறை தேய்ந்து வருகிறது. ஹார்ட்கிரேவ் எழுதினது இந்த ஜனங்கள் கையில் அன்றே கிடைத்திருந்தால், 'ஐயா, அப்படி இல்லை, இப்படி' என்று சொல்ல நாலு பேராவது இருந்திருப்பார்கள்.

இந்தக் கதை பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருந்ததே என்று வாசகர் கேட்கலாம். இருந்தது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் ஒன்பதாம் வகுப்புச் சரித்திரப் பாடத்தில் அந்தப் பகுதியிலிருந்து கேள்வி வராது என்று 2016 டிசம்பரில் அறிவித்தது. 2019ல் அந்த அத்தியாயமே புத்தகத்திலிருந்து போய்விட்டது. ஆக, பையன் படிக்கிற இடத்திலிருந்து எடுத்தாகிவிட்டது; பேராசிரியர் படிக்கிற இடத்தில் பூட்டியாகிவிட்டது.

இணையத்தில் இந்தப் பூட்டு வேலை செய்கிற விதம் வேடிக்கையானது. நூலகம் ஏட்டை வாங்குவதில்லை. ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கிறது. குத்தகைப் பத்திரத்தில் 'அனுமதி பெற்ற வாசகர்' யார் என்று எழுதியிருக்கும்: மாணவர், ஆசிரியர், ஊழியர். கேள்வி எந்தக் கட்டடத்தின் கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது என்று பதிப்பகத்தின் இயந்திரம் பார்க்கிறது. வெளியிலிருந்து வந்தால் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவன் என்று கேட்டு, அந்த நிறுவனம் கொடுத்த பெயரையும் ரகசியச் சொல்லையும் சரிபார்க்கிறது. என்ன படிக்கப் போகிறாய், எதற்கு என்று ஒரு கேள்வி கிடையாது. நாஞ்சில் நாட்டுக் கிராமங்களில் அந்நிய முகத்தைக் கண்டால் படிப்புரையில் இருக்கிற பெரியவர், "நீ ஆரு? ஆருக்க மவன்?" என்று கேட்பார். அதே கேள்விதான். பெரியவரிடம் பதில் சொல்லிச் சமாளிக்கலாம்.

ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். வேறொரு கட்டுரை தேடிப் போயிருந்தேன். பொறுப்பில் இருந்தவர் மரியாதையான மனுஷர். நாற்காலி எடுத்துப் போட்டார்.

"சாருக்கு ஐடி உண்டா?"

"இல்லை."

"அப்போ அலமாரியில இருக்கிறதை எவ்வளவு வேணும்னாலும் பாருங்க. இதை மட்டும் கேக்காதீங்க. கம்ப்யூட்டர் நான் சொன்னா கேக்காது சார்."

கல்லூரியை இரண்டாம் ஆண்டோடு விட்டவன் நான். அச்சுப் புத்தகம் அதை ஒரு நாளும் என்னிடம் கேட்டதில்லை.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2024 நவம்பர் 25ஆம் தேதி மத்திய மந்திரிசபை 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற திட்டத்தை ஏற்றது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 ஏடுகள், அரசு நடத்தும் 6,300 நிறுவனங்களுக்கு மேல், 1 கோடியே 80 லட்சம் மாணவர், ஆசிரியர், ஆராய்ச்சியாளர். இன்ஃப்ளிப்னெட் என்ற அமைப்பு இதை நிர்வகிக்கிறது. ஸேஜும் அந்த முப்பதில் ஒன்று. சின்ன ஊர் அரசுக் கல்லூரிப் பையன், ஐ.ஐ.டி.க்காரன் படிப்பதையே படிக்கலாம் என்பது சாமான்யமான காரியமில்லை, பாராட்டத்தான் வேண்டும். ஆனால் சந்தா 'நாட்டுக்கு' என்று பெயர் வைத்துவிட்டு, நாட்டில் கல்லூரிக்கு வெளியே இருப்பவர்களை விட்டுவிட்டார்கள். ஓய்வு பெற்ற தமிழாசிரியர், கல்வெட்டுப் படிக்கிற தபால்காரர், வக்கீல் குமாஸ்தா, என்னைப் போல் கதை எழுதுகிறவன் எல்லோரும் வரி கட்டுகிறோம். யாருக்கும் அனுமதி இல்லை.

பதிப்பகங்களின் கட்சியையும் கேட்க வேண்டும். நானும் எழுத்தை விற்கிறவன். எல்லாவற்றையும் சும்மா கொடு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால் நாவலுக்கு ராயல்டி உண்டு. ஆராய்ச்சி ஏட்டில் எழுதுகிறவருக்கு அந்தச் சந்தாவில் பொதுவாகக் காலணா போவதில்லை. சரிபார்த்துக் கொடுக்கிற பண்டிதர்களுக்கும் அப்படியே. அதனால்தான் நீதிமன்றத்திலும் இந்த விவகாரம் ஒரே பக்கமாக முடிவதில்லை. டில்லி சர்வகலாசாலை வளாகத்தில் நகலெடுக்கும் கடையின் மேல் மூன்று பெரிய பதிப்பகங்கள் தொடுத்த வழக்கை 2016ல் டில்லி உயர் நீதிமன்றம் தள்ளியது. கஜகஸ்தான் பெண் ஒருத்தி 2011ல் தொடங்கிய ஸை-ஹப் என்ற திறவுகோலை அடைக்கும்படி 2025 ஆகஸ்டில் அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தத் திறவுகோலை நான் சிபாரிசு செய்யவில்லை. பூட்டு நியாயமாக இருந்தால் அதற்கு இத்தனை பேர் தேடி வந்திருக்க மாட்டார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

வெளியில் இருப்பவன் படித்து என்ன கிழித்துவிடப் போகிறான் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. பள்ளிக்கூட வாத்தியாராகத் தொடங்கியவர். குழந்தைப் பாட்டுக்கும் மருமக்கள் வழி மான்மியத்துக்கும் அவரைக் கொண்டாடுகிறோம். காந்தளூர்ச் சாலை பற்றிக் கல்வெட்டுகளை வைத்துக்கொண்டு பெரிய சரித்திரப் பண்டிதர்களோடு மோதியவரும் அவர்தான். திருவிதாங்கூர் சர்க்கார் கல்வெட்டுகளை அச்சிட்டு வெளியிட்ட காலம் அது. அந்தத் தொகுதிகளுக்கு ரகசியச் சொல் இருந்திருந்தால் அந்த விவாதம் ஒரு பக்கத்துக்காரர் பேச்சாகவே நின்றிருக்கும்.

நம் பக்கத்துக் குறையையும் மறைக்க வேண்டாம். திறந்து கிடப்பதை நாம் எவ்வளவு படிக்கிறோம்? இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சிப் பட்ட ஏடுகள் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் யாரும் படிக்கும்படி இருக்கின்றன. நாஞ்சில் நாட்டைப் பற்றிய ஏடுகளும் உண்டு. சில நல்லவை, பல, ஒரே மேற்கோளை ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்து எழுதியவை. அவற்றை எடுத்துப் படித்து, இது சரி, இது தப்பு என்று ஒரு மாதப் பத்திரிகையிலாவது எழுதியவர் உண்டா? பூட்டைக் குறை சொல்கிறவனுக்குத் திறந்த கதவுக்குள் நுழைகிற கடமையும் இருக்கிறது.

என் கோரிக்கை சிறியது. அநேகப் பதிப்பகங்களின் ஒப்பந்தங்களில், நூலகத்துக்கு நேரில் வந்து உட்கார்ந்து படிக்கிறவருக்கும் இடம் உண்டு. நம் நூலகங்கள் அதைக் கேட்டு வாங்குவதில்லை. வாங்கினாலும் வாசலில் எழுதி வைப்பதில்லை. ஒவ்வொரு பல்கலைக்கழக நூலகத்திலும் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், கையெழுத்துப் போட ஒரு நோட்டு. நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மைய நூலகத்திலும் அப்படி ஒன்று. 2027க்குப் பிறகு புதுக் குத்தகை எழுதுகிறபோது இதை ஒரு வரியாகச் சேர்க்க யாரும் பெரிய பணம் கேட்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அப்படி ஒரு மேஜை வந்தால் முதலில் வருகிறவர்கள் ஆராய்ச்சியாளர்களாக இருக்க மாட்டார்கள். குப்பாயக் கதையைப் பாட்டியிடம் கேட்ட ஒருத்தி வருவாள். ஹார்ட்கிரேவைப் படித்துவிட்டு, எங்கே தப்பு என்று சொல்லுவாள். ஹார்ட்கிரேவின் கட்டுரைக்கு அப்படிப்பட்ட ஒரு வாசகி இன்னும் பாக்கி.